பழைய படம் டிவியில் ஏன் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது? பிலிம் குருணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலை செய்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் தியேட்டர் கேபினில் ஆப்பரேட்டர். பழைய படம் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "படம் ஏனுங் இப்படி இருக்குது?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இரண்டு நிமிஷத்தில் போனில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. பிலிமை விரலால் தொட்டு ஓட்டியவன் நான்; அதில் இருக்கும் புள்ளியைக் குற்றம் என்று யாராவது சொன்னால் மனசு கேட்பதில்லை. அதனால் கேட்கப்பட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புது டிவி வாங்கியிருக்கறோம். புதுப் படம் கண்ணாடியாட்டத் தெரியுது. பழைய படம் போட்டா மட்டும் மணல் கொட்டுன மாதிரி இருக்குதுங். வயர்ல கோளாறா?

வயரில் கோளாறு இருந்தால் எல்லா நிகழ்ச்சியும் கெட்டிருக்கும். அதுவும் இப்போது டிஜிட்டல். சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே நின்றுவிடும், இல்லை சுத்தமாகப் போய்விடும். மணல் வராது. ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பித் திருப்பி வைத்த காலத்தில் திரை முழுக்கப் பூச்சி பறந்தது நினைவிருக்கும். அது சிக்னல் போதாமல் வந்தது. அந்தப் பூச்சி இன்றைக்குக் கேபிளில் கிடையாது.

பழைய படத்தில் மட்டும் தெரிவது பிலிமின் குருணை. கிரெயின் என்று பிலிம் கழுவும் லேப்காரர்கள் சொல்வார்கள். எனக்கு முறத்தில் புடைக்கும்போது சேரும் அரிசிக் குருணைதான் நினைவுக்கு வரும் என்பதால் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். இந்தப் பக்கம் முழுக்கக் குருணை என்றால் அதுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட் டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் உள்ள பழைய ஏவி வயர் போயிருந்தால், கலர் மாறும் ஓரங்களில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் வரிசையாக நகரும். அது குருணை இல்லை. பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. வசதி இருந்தால் அந்த வயரை மாற்றினாலே போய்விடும்.

குருணைன்னா என்னங்க? பிலிம்ல அழுக்கா?

அழுக்கில்லை. படமே அதுதான்.

பிலிம் என்பது ஒரு கண்ணாடி போன்ற பட்டை. அதன் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் படிகங்கள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். வெளிச்சம் பட்ட படிகங்கள் மருந்தில் கழுவும்போது கறுத்து வெள்ளித் துகளாக மாறும், படாதவை கரைந்து போகும். கருப்பு வெள்ளைப் பிலிமில் நீங்கள் பார்க்கும் முகமும் மலையும் மேகமும் இந்த வெள்ளித் துகள்கள்தாம். கலர் பிலிமில் ஒரு வேலை கூடுதல். வெள்ளித் துகள் உருவாகும் இடத்தைச் சுற்றிச் சாயம் உண்டாகும், அதன் பிறகு வெள்ளியை நீக்கிவிடுவார்கள், சாயத் திட்டு மட்டும் மிஞ்சும்.

ஒரு படிகத்தைத் தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அவை பூச்சின் ஆழத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகவும் பக்கத்தில் பக்கத்திலும் சேர்ந்து கொத்துக் கொத்தாக நிற்கின்றன. நம் கண்ணுக்குக் குருணையாகப் படுவது அந்தக் கொத்து.

கேபினில் இருந்தபோது அறுந்த துண்டுப் பிலிம் ஒன்றை எடுத்து ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். வெறுங்கண்ணில் வழவழவென்று ஒரு வானம், கீழே ஒரு தென்னந்தோப்பு. வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வைத்திருந்தேன், அதை வைத்துப் பார்த்தால் வானம் வழவழப்பை விட்டுவிடும். ரவையைத் தட்டில் பரப்பியது போல் ஆகிவிடும். அடுத்த பிரேமை, அதாவது பிலிமில் அடுத்த கட்டத்துப் படத்தை, பார்த்தால் அதே வானம், ஆனால் ரவை வேறு மாதிரி பரவியிருக்கும். அடுத்ததில் இன்னொரு மாதிரி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாத் தொந்தரவும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது. பிரேமுக்குப் பிரேம் குருணை இடம் மாறும், எந்த ஒழுங்கும் இல்லாமல்.

ஒரே படத்துல பகல் காட்சி சுத்தமா இருக்குது. ராத்திரிக் காட்சி வந்தா மட்டும் பொரிப் பொரியா ஆயிருதே?

வெளிச்சக் குறைவுக்கு ஏற்ற பிலிம் வேறு. அதில் படிகங்கள் பெரியவை. பெரிய படிகம் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் பெரிதாகவே தெரியும். பிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதற்கு வேகம் என்று பெயர், எண் கூடினால் வேகம் கூடுதல். 1980களின் முற்பாதியில்தான் 250, 400 வேகமுள்ள கலர் நெகட்டிவ்கள் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை 100 வேகத்தை வைத்துக்கொண்டு லைட்டுக்கு மேல் லைட் போட்டு எடுத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் படப்பிடிப்பு நிறைய நடந்த ஊர். கொடிவேரி அணை, வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம், நெல் வயல் என்று எல்லாம் திறந்த வெளி. காலை வெயிலில் எடுத்த காட்சியைப் பார்த்தால் குருணை இருப்பதே தெரியாது. அதே வாய்க்கால் கரையில் பொழுது சாய்ந்த பிறகு, ஜெனரேட்டர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி இரண்டு ஷாட்டை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று எடுத்திருப்பார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் லேபில் கூடுதல் நேரம் மருந்தில் வைத்துக் கழுவச் சொல்வார்கள். புஷ் பண்ணுவது என்று பெயர். படம் வெளிச்சமாகும், குருணையும் கூடவே தடிக்கும்.

சாம்பல் நிறப் பகுதிகளில்தான் குருணை அதிகம் கண்ணில் படும். மேகமூட்டமான வானம், சுண்ணாம்பு அடித்த சுவரின் நிழல் பக்கம், கன்னத்தில் நிழல் விழும் இடம். முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் அவ்வளவாகத் தெரியாது.

தியேட்டர்ல பார்த்தப்ப இப்படித் தெரியலையே. டிவியில மட்டும் ஏன்?

திருப்பூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டபோது பனியன் துணியைச் சொன்னேன். கைக்கெட்டும் தூரத்தில் அது துணி. கண்ணோரம் கொண்டுவந்தால் கண்ணி கண்ணியாகப் பின்னல்.

35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலம். 43 அங்குல டிவி 95 சென்டிமீட்டர் அகலம். திரை முழுக்க விரிந்த படம் என்றால் 40 மடங்குக்கு மேல் பெரிதாகிறது. 16 எம்.எம். பிலிமாக இருந்தால் பிரேம் அகலம் 10 மில்லிமீட்டரை ஒட்டித்தான், ஆகவே 90 மடங்கு. தூர்தர்ஷனின் ஆரம்ப காலச் செய்திப் படங்கள் 16 எம்.எம்.மில் எடுக்கப்பட்டவை, அவற்றைப் பெரிய திரையில் போட்டால் குருணை முந்திரிக் கொட்டையாட்டம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

தியேட்டர் திரை இதைவிடப் பல மடங்கு பெரிது, உண்மை. ஆனால் நீங்கள் அறுபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். இருட்டில் இருந்தீர்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும்போது குருணை ஒவ்வொரு தடவையும் இடம் மாறுவதால், கண் அதையெல்லாம் கூட்டிச் சராசரி ஆக்கி, சமமான ஒரு பரப்பாகப் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு உயிர்ப்பு இருக்கும். நின்றுகொண்டிருக்கும் சுவர்கூட மூச்சு விடுவது போல் இருக்கும். கேபின் ஓட்டை வழியாக நான் பார்த்த படமெல்லாம் அப்படித்தான் இருந்தது.

டிவிக்கு வருவதற்குள் படம் இன்னொரு பாதையையும் கடக்கிறது. பழைய படங்கள் பலவற்றுக்கு மூல நெகட்டிவ் இன்று இல்லை. கிடைத்தது ஊர் ஊராக ஓடிய ஒரு பிரிண்ட். நெகட்டிவில் இருந்த குருணையோடு பிரிண்டின் குருணையும் சேரும். திரையில் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று பிரிண்டில் கான்ட்ராஸ்ட் தூக்கலாக இருக்கும், அது குருணையையும் தூக்கிக் காட்டும். அந்தப் பிரிண்டை, பிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி எந்திரத்தில் ஓட்டி டேப்பில் பதிந்திருப்பார்கள். டெலிசினியில் படத்தைக் கூர்மையாக்கும் ஒரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் முகத்துக்கு முன் குருணைதான் கூராகும். இன்றும் சேனல்களில் ஓடும் பல படங்கள் முப்பது வருஷத்துக்கு முன் அப்படிப் பதிந்த டேப்பிலிருந்து வந்தவை.

சரிங்க, குருணை பிலிம்லயே இருக்குது. அப்பறம் ஏன் ஒரு சேனல்ல ஒழுங்காவும் இன்னொரு சேனல்ல அப்பளமாட்டம் கொப்புளிச்சும் தெரியுது?

இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரண எஸ்.டி. படத்தில் ஒரு பிரேமுக்கு 720க்கு 576 புள்ளி. நொடிக்கு 25 பிரேம். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 165 மெகாபிட் வேண்டும். பிட் என்பது டிஜிட்டல் தகவலின் ஆகச் சின்ன அலகு, பத்து லட்சம் பிட் ஒரு மெகாபிட். ஒரு சேனலுக்குக் கிடைப்பது இரண்டிலிருந்து நான்கு மெகாபிட். எச்.டி. சுருக்காமல் 800 மெகாபிட்டைத் தாண்டும், கிடைப்பது ஆறு, எட்டு, அதிகம் போனால் பத்து. ஐம்பதில் ஒரு பங்காகவும் நூறில் ஒரு பங்காகவும் படத்தைச் சுருக்குவது என்கோடர் என்ற பெட்டியின் வேலை.

எப்படிச் சுருக்குகிறது? பவானி ஜமுக்காளம் ஒன்றைப் போனில் ஒருவருக்கு விவரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாலு விரல் சிவப்பு, ஒரு விரல் கறுப்பு, அப்பறம் பச்சை, இப்படியே கடைசி வரைக்கும்" என்றால் போதும். எதிர்முனையில் இருப்பவர் அப்படியே வரைந்துவிடுவார். ஜமுக்காளத்தை ஒரு முழம் வலது பக்கம் இழுத்தீர்கள் என்றால், "ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்திக்கோ" என்று ஒரே வார்த்தை. புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். என்கோடர் இந்த இரண்டு வேலையைத்தான் செய்கிறது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒரே மாதிரி இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லும். முந்தைய பிரேமில் இருந்தது இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இப்போது அந்த ஜமுக்காளத்தின் மேல் ஒரு கைப்பிடி எள்ளை வீசுங்கள். ஒவ்வொரு எள்ளும் எங்கே விழுந்தது என்று போனில் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அதை உதறிவிட்டு வேறு கைப்பிடி. நொடிக்கு 25 தடவை. குருணை உள்ள படம் என்கோடருக்கு இப்படித்தான். எள்ளுக்கு ஒழுங்கு இல்லை, முந்தின தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே சுருக்கிச் சொல்ல வழியே இல்லை.

கையில் இருக்கும் பிட் தீர்ந்ததும் என்கோடர் நுணுக்கமான விவரங்களை வெட்ட ஆரம்பிக்கும். முதலில் போவது குருணையின் நுனி. மிச்சம் நிற்பது மங்கலான திட்டு. கட்டங்களின் ஓரம் தெரியும். உதட்டையும் கண் இமையையும் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் ஒரு நடுக்கம். நீங்கள் கொப்புளம் என்று சொன்னது இதைத்தான். குருணை நேர்மையாக வந்து சேர்ந்திருந்தால் கண் ஏற்றுக்கொண்டிருக்கும். பாதி வெட்டுப்பட்டு வருவதுதான் உறுத்துகிறது.

குருணையோடு நிற்பதில்லை இது. பிட்டை எல்லாம் எள்ளை எண்ணவே செலவழித்துவிட்டதால் ஜமுக்காளத்தின் கோடும் பிசகும். சேலைக் கரை, வேப்பமரத்து இலை, முடிக் கற்றை என்று நிஜமாக இருந்த நுணுக்கமும் கூடவே மொழுக்கென்று ஆகிவிடும்.

இதை நானே வீட்ல கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பழைய படத்தில் கேமரா நகராமல் நிற்கும் ஒரு காட்சியைப் பிடியுங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்லது. நடிகரைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். நல்ல ஒளிபரப்பில் சுவர் சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். பிட் போதாத ஒளிபரப்பில் குருணை அப்படியே உறைந்து சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அரை நொடிக்கு ஒரு தடவை மொத்தமாக ஒரு குதி குதித்து வேறு மாதிரி உறையும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் தாளம் தவறாது.

காரணம் இது. என்கோடர் எல்லா பிரேமையும் முழுதாக அனுப்புவதில்லை. ஏறத்தாழ 12 பிரேமுக்கு ஒரு தடவை முழுப் படம், நடுவில் எல்லாம் மாற்றம் மட்டும். முழுப் படம் வரும்போது புதுக் குருணை வந்து உட்காரும். நடுவில் குருணையின் மாற்றத்தைச் சொல்லப் பிட் இல்லாததால் பழசே நிற்கும். 25 பிரேம் ஒரு நொடி, ஆகவே 12 பிரேம் அரை நொடி.

மத்தியானம் நல்லா வந்த சேனல் ராத்திரி கெட்டுப்போவுதே, அது ஏன்?

ஒரு வாய்க்காலில் பல மடை. சாட்டிலைட்டில் சிக்னலை வாங்கிக் கீழே திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அப்படி ஒன்றின் கொள்ளளவு நொடிக்கு 30, 40 மெகாபிட். அதைப் பத்துப் பன்னிரண்டு சேனல் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு நிலையானதாக இருக்க வேண்டியதில்லை. எந்தச் சேனலில் அசைவு அதிகமோ அதற்கு அந்த நேரம் கூட விடுவார்கள். ராத்திரி பக்கத்து மடையில் கிரிக்கெட்டோ நடனப் போட்டியோ ஓடினால் தண்ணீர் அங்கே போகும். பழைய படம் கடை மடையில் காயும்.

அதோடு முடிவதில்லை. சேனல்காரர் ஒருமுறை சுருக்கி மேலே ஏற்றுகிறார். கீழே இறக்கிய பிறகு கேபிள் கம்பெனி அதை விரித்துத் தன் வசதிக்கு மறுபடி சுருக்குவதும் உண்டு. இரண்டாவது என்கோடருக்கு முதல் என்கோடரின் கட்ட ஓரங்களும் படம்போலவே தெரியும். அதற்கும் பிட் செலவழிக்கும்.

அப்படின்னா குருணையைத் துடைச்சுட்டு அனுப்ப வேண்டியதுதானே?

அதற்குக் கருவி இருக்கிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று பெயர். என்கோடருக்குள்ளேயே இருக்கும். அதை முழுக்கத் திருகி நானே ஒரு படத்தைக் கெடுத்திருக்கிறேன்.

எங்கள் லோக்கல் சேனலில் ஆடிப் பதினெட்டு அன்று ஒரு கருப்பு வெள்ளைப் படம். அந்தச் சேனலுக்கு இரண்டு மெகாபிட்தான் ஒதுக்கியிருந்தோம். படம் கொப்புளிக்கும் என்று தெரியும், அதனால் துடைக்கும் அளவைக் கடைசி வரை வைத்தேன். கண்ட்ரோல் ரூமில் இருந்த பதினான்கு அங்குல மானிட்டரில் பளிச்சென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரத்தில் நம்பியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, இந்தப் படத்த நான் கல்யாணமான புதுசுல பார்த்தது. அந்தப் புள்ள கட்டியிருந்தது சுங்குடிச் சேலை. புள்ளியவே காணோம், வெறும் வெள்ளைச் சேலையாட்டத் தெரியுது. மூஞ்சியும் மெழுகாட்ட இருக்குது."

போய்ப் பக்கத்து அறையில் இருந்த பெரிய டிவியில் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. கருவிக்குக் குருணைப் புள்ளியும் சுங்குடிப் புள்ளியும் ஒன்றுதான். சின்னதாக, அருகருகே, அசைந்துகொண்டு இருந்தால் துடைத்துவிடும். அந்த நடிகை நடந்து போகும்போது முந்தானைக்குப் பின்னால் நிழல் போல ஒரு இழுவை வேறு. முந்தின பிரேமையும் இந்தப் பிரேமையும் கலந்து சராசரி எடுப்பதால் வருவது அது.

அன்றைக்கே துடைக்கும் அளவை மிகக் குறைந்த படிக்கு இறக்கினேன். வெறும் எழுத்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சேனலை நிறுத்தி, அது எடுத்துக்கொண்டிருந்த இரண்டு மெகாபிட்டையும் சினிமாவுக்குத் திருப்பிவிட்டோம். படம் மறுபடி குருணையோடு வந்தது. பெரியம்மாவிடமே போன் செய்து கேட்டேன். "இப்பத்தான் சேலை சேலையாட்ட இருக்குது" என்றார்.

துடைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. டேப்பில் பதிந்தபோது சேர்ந்த மின்னணு இரைச்சலைக் குறைக்கலாம். குருணையில் கொஞ்சம் தணிக்கலாம், மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து ரீல் ரீலாகப் பார்த்துச் செய்தால். மூன்று மணி நேரப் படத்துக்கு ஒரே அளவைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை.

மழை பெய்யற மாதிரி கோடு கோடா வருதே, அதுவும் குருணையா?

இல்லை. அது கீறல். ஏ சென்டரில் ஓடி, பி சென்டரில் ஓடி, கடைசியில் டூரிங் கொட்டகையில் ஓடிய பிரிண்டில் மணலும் உலோகமும் உரசி விழுந்த கோடு. குருணை, படம் எடுத்த அன்றே உண்டானது. கீறல், படத்தை ஓட்டியதில் உண்டானது. கீறலைத் தாராளமாக நீக்கலாம். அதில் படம் எடுத்தவரின் கை எதுவும் இல்லை.

கருப்பு வெள்ளைப் படத்துல குருணை அழகா இருக்குது, கலர்ல அசிங்கமா இருக்குதுன்னு எனக்குத் தோணுது. சரியா?

எனக்கும் அப்படித்தான். கருப்பு வெள்ளையில் வெள்ளித் துகளே நிற்கிறது, ஓரம் கூராக இருக்கும். கலரில் மூன்று அடுக்கில் மூன்று சாயத் திட்டுகள், ஓரம் மங்கல். ஒளிபரப்பில் கலர் விவரத்துக்கு வெளிச்ச விவரத்தைவிடக் குறைந்த இடமே கொடுக்கிறார்கள். அதனால் கலர்க் குருணை வந்து சேரும்போது பச்சையும் சிவப்புமாகத் தேமல் போலப் படர்கிறது.

நம் பக்கத்துக்கு இதில் சொந்தம் அதிகம். சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டியது 1914இல். பட்சிராஜா ஸ்டுடியோவின் 'மலைக்கள்ளன்' 1954இல் வந்த கருப்பு வெள்ளைப் படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலர் என்ற கலர் பிலிமில் வந்த தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிம் செய்த ஆலை. படம் எடுத்ததும் இங்கே, பிலிம் செய்ததும் பக்கத்து மலையில். அந்த ஸ்டுடியோக்களின் படங்களை இன்று மெழுகாக்கி ஒளிபரப்பும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பாட்டு டிவியில கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி இருக்குதே?

உங்கள் காது சரி. பிலிம் நொடிக்கு 24 பிரேம், நம் டிவி முறை 25. பழைய டேப்களில் 25ஆகவே ஓட்டிப் பதிந்தார்கள். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடியும். சுருதியும் ஒரு இழை ஏறும். குருணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டிவியில என்ன மாத்தி வைக்கணும்?

கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த விவிட் அல்லது டைனமிக் மோடிலேயே பல வீடுகளில் டிவி ஓடுகிறது. சினிமா மோடுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எழுத்துகளின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதிக ஷார்ப்னஸ் போல் குருணையைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துப் பாருங்கள். சேனல் ரொம்ப மோசமாக இருந்தால் லோவில் வைக்கலாம், ஹையில் வேண்டாம். அசைவை வழுக்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குருணை தாறுமாறாக நகர்வதால் அது நடுவில் தானாக இட்டுக்கட்டும் பிரேம்கள் தப்பாகப் போகும், கை கால் ஓரத்தில் நீர் அலம்புவது போல் தெரியும்.

உட்காரும் இடமும் முக்கியம். எஸ்.டி. படத்துக்குத் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம். 43 அங்குல டிவிக்குப் பத்தரை அடி. எச்.டி.க்கு மூன்று மடங்கு போதும், ஐந்தேகால் அடி. ஆசாரத்தில் டிவியை மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்குப் பழைய படம் நன்றாகத் தெரிவதும், தரையில் முன்னால் உட்காரும் குழந்தைகள் முகம் சுளிப்பதும் இதனால்தான்.

எச்.டி. சேனல்ல வந்தா சரியாயிருமா?

மூலம் என்ன என்பதைப் பொறுத்தது. முப்பது வருஷத்துப் பழைய டேப்பை எச்.டி. அளவுக்கு இழுத்துப் போட்டால், எள்ளு கொள்ளு ஆகும். நெகட்டிவையே புதிதாக 2கே, 4கே அளவில் ஸ்கேன் செய்து வந்தால் கதை வேறு. குறைந்த அளவில் ஸ்கேன் செய்யும்போது நுண்ணிய குருணைகள் தனித்தனியாகப் பதியாமல் ஒன்றோடொன்று கலந்து இருப்பதைவிடத் தடித்துத் தெரியும். கூடுதல் அளவில் ஸ்கேன் செய்தால் குருணை தன் நிஜ அளவில், மிருதுவாக விழும். ஒரே படத்தின் பழைய டேப்பையும் புது ஸ்கேனையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இப்ப டிஜிட்டல் கேமராவுல எடுக்கற படத்துக்கும் வேணும்னே குருணை சேர்க்கறாங்களாமே?

ஆமாம். அழகுக்காக மட்டும் இல்லை. அந்தி வானம் போல மெதுவாக நிறம் மாறும் இடங்களில், சுருக்கிய படம் பட்டை பட்டையாகப் படி கட்டும். மெல்லிய குருணை இருந்தால் அந்தப் படிகள் கலைந்துவிடும்.

ஆன்லைன் தளங்கள் இன்னொன்றும் செய்கின்றன. ஏவி1 என்ற சுருக்கும் முறை 2018இல் வந்தது. அதில் குருணையை முதலில் பிரித்தெடுத்து, அது எவ்வளவு தடிப்பு, எந்த வெளிச்சத்தில் எவ்வளவு அடர்த்தி என்ற குறிப்பை மட்டும் அனுப்பலாம். உங்கள் டிவியோ போனோ அந்தக் குறிப்பைப் பார்த்து அதே மாதிரியான குருணையைத் தானே தூவிக்கொள்ளும். ஜமுக்காளத்தைத் தனியாகச் சொல்லிவிட்டு, "மேலே ஒரு கைப்பிடி எள்ளு தூவிக்கோ" என்பது போல. எந்த எள் எங்கே விழுந்தது என்பது மாறிவிடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு முந்தைய எச்.264 என்ற சுருக்கும் முறையிலும் இப்படி ஒரு குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள். நம் வீட்டுக் கேபிள் பெட்டிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. கேபிளுக்கும் இது வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

எங்க தாத்தா வெச்சிருந்த 16 எம்.எம். ரீல் ரெண்டு பரண்மேல கிடைச்சுது. ஊர்த் தேரோட்டம்னு எழுதியிருக்குது. டிவியில போட்டுப் பார்க்கணும், என்ன பண்றது?

முதலில் பழைய புரொஜக்டர் எதிலும் மாட்டி ஓட்டாதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்த பிலிம் சுருங்கியிருக்கும், பல்சக்கரம் துளையைக் கிழித்துவிடும். 16 எம்.எம். எப்போதும் தீப்பிடிக்காத பிலிமில்தான் வந்தது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். 35 எம்.எம்.மில் 1950களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் பிலிம்தான் வெடிக்கிற மாதிரி எரியும்.

டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த காடி வாசம் அடித்தால் பிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது. தள்ளிப்போடாமல் உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்யும் இடத்தில் கொடுங்கள். சுவரில் ஓட்டிப் போனில் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். குருணையைத் துடைக்காத மூலக் கோப்பு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். துடைத்ததுதான் பிடிக்கிறது என்றால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். தேர்க்கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் பிலிமில் எள்ளளவுதான் இருக்கும். துடைக்கிற கருவி அந்த முகங்களைத்தான் முதலில் அழிக்கும்.

ஸ்கேன் ஆகித் திரும்பி வந்த ரீலை வீசிவிடாதீர்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். காடி வாசம் இருந்த ரீல் என்றால் மூடியை இறுக அடைக்காமல் காற்றுப் போக விடுங்கள், மற்ற ரீலோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.